லாடம் மாசானம்: ஒரு சமூகவியல் ஆய்வு

பையை இப்படி என் மடியில வச்சுக்கிறேன், நீங்க தாராளமா உட்காருங்க. கனம்தான். எல்லாம் புத்தகம், ஒரே புத்தகம். நான் எழுதினது. கோயம்புத்தூர் ஜெயில்ல ஒருத்தருக்குக் குடுக்கணும்னு எடுத்துட்டுப் போனேன். மனு எழுதிக் குடுத்துட்டு வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். வார்டர் வந்து, "சார், உங்க பேரைச் சொன்னதும் அவன் திரும்பிப் போய்ட்டான்"ங்கறார். போன தடவையும் இதேதான். அதுக்கு முந்தின தடவையும் இதேதான்.

மதுரை வரைக்குமா நீங்க? நான் திருநெல்வேலி. அங்க ஒரு காலேஜ்ல சமூகவியல் வாத்தியார், இப்ப ரிடையர் ஆயிட்டேன். ஞானதிரவியம்னு பேரு. என் பாடம் பிறழ்நடத்தை. அதாவது மனுஷன் ஏன் தப்பு பண்றான், அவனை எது பண்ண வைக்குதுங்கற படிப்பு. கேட்க சுலபமா இருக்கும். ஆனா அதுலயே என் வாழ்க்கை போயிருக்கு.

லாடம் மாசானம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. இல்லையா? எங்க பக்கத்துல ஒரு காலத்துல அந்தப் பேரைச் சொன்னா கடையை இழுத்துச் சாத்துவாங்க. ரெண்டு கொலை, ஒரு காண்ட்ராக்டரைக் கடத்தினது, மணல் லாரிக்காரங்களுக்காக அடிதடி. பத்திரிகையில 'எதிரிகளின் காலில் லாடம் அடிக்கும் கொடூரன்'னு போட்டான். உண்மை என்னன்னா, அவங்க அப்பா மாட்டுச் சந்தையில லாடம் அடிக்கிறவர். பள்ளிக்கூடத்துல பசங்க வச்ச பட்டப்பேரு அது. மாட்டைத் தவிர யார் காலுலயும் அவன் லாடம் அடிச்சதில்லை. இதை முதல்ல கண்டுபிடிச்சு எழுதினது நான்தான். அவன் இவன்னு பேச்சுல வந்துடுது, தப்பா நினைக்காதீங்க. புத்தகத்துல அவர்னுதான் போட்டிருக்கேன்.

இருபது வருஷம் அவன் கதையைத்தான் வகுப்புல நடத்தினேன். எல்லாக் கோட்பாட்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரு ஆள் கிடைக்கறது சாதாரண விஷயம் இல்லை. ஆசை இருக்கு, அதை நேர்வழியில அடைய வழி இல்லை, அந்த இறுக்கத்துல மனுஷன் குறுக்குவழிக்குப் போறான்னு ஒரு கோட்பாடு. பொருந்துது. தொழிலைக் கத்துக்கற மாதிரி குற்றத்தையும் கூட இருக்கறவன்கிட்டத்தான் கத்துக்கறான்னு இன்னொண்ணு. அதுவும் பொருந்துது. எனக்குப் பிடிச்சது முத்திரைக் கோட்பாடு. ஒருத்தனைத் திருடன் திருடன்னு ஊரே சொல்லிக்கிட்டே இருந்தா, ஒரு கட்டத்துல அவன் அந்தப் பேருக்குள்ளயே குடி போயிடுவான். குற்றம் செஞ்சதால முத்திரை வர்றது ஒரு பக்கம், முத்திரை குத்தினதாலயே குற்றம் வர்றது இன்னொரு பக்கம். அஞ்சாம் வகுப்புல பள்ளிக்கூட மணி காணாமப் போச்சுன்னு வாத்தியார் அவனைத்தான் முட்டி போட வச்சிருக்கார். மணி அப்புறம் கிணத்தடியில கிடைச்சுச்சு. ஆனா பேரு போகலை.

இவ்வளவும் பேப்பர் கட்டிங்கையும் கோர்ட்டுத் தீர்ப்பையும் வச்சு நான் சேர்த்தது. ஆளைப் பார்த்ததே இல்லை.

ரிடையர் ஆகற வருஷம், ஜெயில் துறையில இருக்கற என் பழைய மாணவன் ஒருத்தன் சொன்னான். "சார், உங்க ஆளை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆயுள் தண்டனை, நன்னடத்தையில வெளிய வந்துட்டான். காங்கேயம் பக்கத்துல ஒரு கொப்பரைக் களத்துல வேலை பார்க்கறான், அவன் யாருன்னு அங்க யாருக்கும் தெரியாது." மறுநாளே கிளம்பிட்டேன். என் சம்சாரம்கூட, "நிம்மதியா இருக்கற மனுஷனைப் போய் என்னத்துக்குக் கிளறுறீங்க"ன்னா. அவளுக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியாது.

நான் போனப்போ வெயில்ல காயற தேங்காயைப் புரட்டிக்கிட்டு இருந்தான். ஒடிசலா, கண்ணாடி போட்டுக்கிட்டு, தலை நரைச்சு. உண்மையைச் சொன்னா எனக்கு ஒரு ஏமாற்றம். இவனா அவன்னு.

"நீங்க மாசானம்தானே"ன்னேன்.

"இங்க அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க"ன்னான்.

"உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

"நான் உங்களைப் பார்த்ததில்லையே சார்."

"காலேஜ்ல உங்களைப் பத்திப் பாடம் நடத்தறேன்."

கையில இருந்த தேங்காயைக் கீழ போட்டான். "பிள்ளைகளுக்கா சார்?"னு கேட்டான்.

அவனுக்கு ஒரு பொண்ணு. கோமதி. அவன் உள்ள போகும்போது நடக்கப் பழகின குழந்தை. அம்மா செத்ததும் சித்தி வளர்த்திருக்கா. நர்ஸ் படிச்சுட்டு, அப்பா வெளிய வந்ததும் அதுவாவே தேடி வந்து கூட இருக்கு. காங்கேயத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. களத்து ஓரமாவே முதலாளி குடுத்த வீடு. ரெண்டு அறை. அவனைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட்டு விட்டதே அந்தப் பொண்ணுதான். குடும்பம், வேலைன்னு பிணைப்பு இருக்கறவன் தப்பு பண்ண மாட்டான்னு ஒரு கோட்பாடு இருக்கு. கண் முன்னாடி அப்படியே நடந்துகிட்டு இருந்துச்சு. எனக்குக் கை பரபரங்குது.

அவன் முதல்ல ஒத்துக்கலை. நான் விடலை. "ஊரு உங்களைப் பத்தி எழுதிடுச்சு, போலீஸ் எழுதிடுச்சு, உங்க தரப்பை யாராவது எழுதினாங்களா"ன்னேன். அது அவனைத் தொட்டிருக்கணும். "என் பேரும் இந்த இடமும் வரக்கூடாது சார். பொண்ணுக்கு ஒரு இடம் பார்த்துக்கிட்டு இருக்கேன்"ன்னான். சத்தியமா வராதுன்னேன்.

அந்த வருஷம் முழுக்க மாசம் ஒரு தடவை போவேன். தகரக் கொட்டகை நிழல்ல உட்கார்ந்து பேசுவோம். ரெக்கார்டரை நடுவுல வச்சுப்பேன். பேசுவான், நல்லாப் பேசுவான். ஆனா ஒரு தொந்தரவு. நான் எங்க கொண்டுபோய் நிறுத்தணும்னு பார்க்கறேனோ அங்க நிக்க மாட்டான்.

மணி காணாமப் போன கதையைச் சொல்ல வச்சேன். "அன்னைக்கு உங்க மனசு உடைஞ்சிருக்கும், அங்கதானே ஆரம்பிச்சது"ன்னு எடுத்துக் குடுத்தேன்.

"அழுதேன் சார். அப்புறம் விளையாடப் போயிட்டேன்"ங்கறான்.

"உங்களுக்குத் தெரியாம உள்ள பதிஞ்சிருக்கும்."

"சார், ஒண்ணு சொல்லுதேன். சந்தையில சங்கரபாண்டியை வெட்டினப்போ என் கூட நாலு பேரு நின்னானுவ. நாலு பேரும் என் தெருவு, என் பள்ளிக்கூடம். நான் வந்த அதே லாரியிலதான் வந்தானுவ. ஒருத்தனும் கைய ஓங்கலை. அந்த ஆளு கும்பிட்டாரு சார். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வெட்டினேன். அதை எதுக்கு சார் வாத்தியார் மேலயும் மணி மேலயும் போடுதீங்க? நான்தான் செஞ்சேங்கிறதும் என்கிட்ட இல்லன்னா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?"

நான் பொறுமையா விளக்கினேன். தன் செயலுக்குத் தானே முழுக் காரணம்னு நினைக்கறதும் ஜெயில் கத்துக் குடுக்கறதுதான்னு. கேட்டுக்கிட்டான். ஒத்துக்கலை.

இன்னொரு நாள் அவனே கேட்டான். "சங்கரபாண்டி வீட்டம்மாவைப் போய்ப் பார்த்தீங்களா சார்?"

"அது என் ஆய்வு எல்லைக்குள்ள வராதே."

"நான் பார்த்தேன். வெளிய வந்ததும் நேரா அங்கதான் போனேன். மன்னிப்பு கேக்கணும்னு. வாசல்ல நிக்கேன், வாய் வரல்ல. யாரோ வழி தவறி வந்தவன்னு நெனச்சு அந்தம்மா ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்." ரெக்கார்டரைப் பார்த்தான். அப்புறம், "இதை மட்டும் எழுதிராதீங்க சார்"ன்னான்.

அந்தச் சொல்லுக்கு மதிப்பு குடுத்தேன். அத்தியாயத்துல போடலை. அடிக்குறிப்புல போட்டேன், சின்ன எழுத்துல.

அதுக்கு அப்புறம்தான் எங்க காலேஜ்ல இருந்து பசங்க வந்தாங்க. என் இடத்துக்கு வந்த வாத்தியார், "சார், நீங்க நேர்ல ஆய்வு பண்றீங்க, நம்ம பிள்ளைங்களுக்கும் ஒரு களப்பணி மாதிரி இருக்குமே"ன்னார். நியாயம்தானே? மாசானத்துக்கிட்ட போன்ல சொன்னேன். ஒண்ணும் பேசலை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கணும். மௌனத்தைச் சம்மதம்னுதானே எடுத்துக்க முடியும்.

வேன்ல வந்தாங்க. வேன் முன்னாடி பேனர் கட்டியிருந்தாங்க, 'பிறழ்நடத்தை - களப்பணி'ன்னு, காலேஜ் பேரு போட்டு. அது எனக்கே தெரியாது, வந்து இறங்கும்போதுதான் பார்க்கறேன். களத்துல வேலை செய்யற பொம்பளைங்கல்லாம் வேலையை நிறுத்திட்டு நின்னுட்டாங்க. நான் அவனைப் பக்கத்துல நிக்க வச்சு, ஒரு அறிமுகம் சொன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். 'நீங்க நினைக்கற மாதிரி இவர் ஒரு கொலைகாரர் இல்லை, இவர் ஒரு சமூகத்தோட விளைவு'ன்னு. பொண்ணுங்க சில பேருக்குக் கண் கலங்கிடுச்சு. ஒரு பொண்ணு எழுந்து, "முதல் கொலைக்கு அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா சார்?"னு கேட்டுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தான். "பிள்ளைங்களுக்கு இளநீ வெட்டட்டுமா சார்"ன்னான். அவனே எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தான். அவன் கையில அரிவாளைப் பார்த்ததும் பசங்க ஒரு அடி தள்ளி நின்னாங்க. அதை ஒருத்தன் போன்ல எடுத்து, அன்னைக்கே நெட்டுல போட்டுட்டான். 'லாடம் மாசானம் கையால் இளநீர்'னு. நல்லாத் திட்டினேன் அவனை. அழிச்சுட்டான், ஆனா அதுக்குள்ள ஊரெல்லாம் பார்த்தாச்சு.

களத்து முதலாளி நாச்சிமுத்து எனக்கு போன் பண்ணினார். நல்ல மனுஷன். "ஏனுங்க சார், நீங்க படிச்சவங்க. வந்த அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. பொம்பளைங்க யாரும் வேலைக்கு வரமாட்டேங்கறாங்க. நான் அந்த ஆளை என்னன்னுங்க சொல்லிப் போகச் சொல்றது? மூணு வருசமா என்ற வீட்டு சாவியே அவர்கிட்டத்தானுங்க இருந்துச்சு." நான் அவருக்கும் முத்திரைக் கோட்பாட்டை விளக்கினேன். நீங்க இப்ப அவரை அனுப்பினா அந்த முத்திரையை உறுதி பண்றீங்கன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க"ன்னு வச்சுட்டார். சமூகம் எப்படி இயங்குது பாருங்க.

கோமதியை ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கன்னாங்க. லீவு முடியவே இல்லை. பார்த்துக்கிட்டு இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனை எடுக்கலை. அந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துல மோட்டார் காணாமப் போனாலும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்துச்சு. காலையில போனா சாயங்காலம் விடுவாங்களாம். அவன் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டு வருவானாம். இதெல்லாம் கோமதி எனக்கு போன்ல சொன்னது. நான் அப்பவே நாலாம் அத்தியாயத்துல எழுதிட்டேன். 'இந்த அழுத்தம் தொடர்ந்தால் இவர் மீண்டும் வன்முறைக்குத் திரும்புவார்'னு. தேதியோட இருக்கு என் கம்ப்யூட்டர்ல. எழுதி ஒரு மாசம்கூட ஆகலை.

நாச்சிமுத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தவணை குடுத்திருந்தார். அவர் மச்சினனுக்குப் பொறுமை இல்லை. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து சாமானைத் தூக்கி வெளிய போட ஆரம்பிச்சிருக்கான். மாசானம் வெளிய விழுந்ததை எடுத்து அடுக்கிக்கிட்டு இருந்திருக்கான். மச்சினன் உள்ள போய்க் கோமதி கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். "கொலைகாரன் மவளுக்கு என்னடி ரோஷம்"னு. மட்டை உரிக்கற கடப்பாரை வாசல்லயே நட்டு வச்சிருக்கும். அதைப் பிடுங்கி ஒரே அடி. தோள்பட்டையில பட்டு, கீழ விழுந்ததுல தலையில அடி. அந்த ஆளுக்கு இன்னைக்கும் ஒரு பக்கம் கை கால் வராது. ரெண்டு சின்னக் குழந்தைங்க அவனுக்கு.

சேதி வந்தப்போ நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சந்தோஷப்பட்டேன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல நான் என்ன கல்லா? ஆனா ஒரு சமூக அறிவியல்காரன் முன்கூட்டியே எழுதினது எழுத்துக்கு எழுத்து நடக்கறது, வாழ்க்கையில ஒரு தடவை கிடைக்கறதே அபூர்வம். கையைக் கழுவிட்டு நாலாம் அத்தியாயத்தை எடுத்துத் திரும்பப் படிச்சேன். அன்னையில இருந்துதான் இந்த நெஞ்செரிச்சல். எது சாப்பிட்டாலும் இங்க, நடுநெஞ்சுல. டாக்டர் குழாய் விட்டெல்லாம் பார்த்துட்டார், ஒண்ணும் இல்லைங்கறார்.

நான் அவனைக் கைவிடலை, அதை நீங்க தெரிஞ்சுக்கணும். அவன் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நிபுணர் சாட்சியா வர்றேன், இவர் சூழ்நிலையோட கைதி, தண்டனையைக் குறைக்கணும்னு எடுத்துச் சொல்றேன்னேன். வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். மாசானம் வேண்டாம்னுட்டான். கோர்ட்டுல ஜட்ஜ் கேட்டப்போ, "நான்தான் அடிச்சேன். வேற யாரும் காரணம் இல்லை. அவரு பிள்ளைங்க கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு எழுதிக்கிடுங்க"ன்னிருக்கான். அவ்வளவுதான். திரும்ப உள்ள. அப்ப இருந்து என்னைப் பார்க்க மாட்டேங்கறான். எவ்வளவு தூரம் அவனுக்காக அலைஞ்சிருக்கேன், சொல்லுங்க.

புத்தகம் போன மாசம் வந்துச்சு. பேரு போட மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன், உண்மைதான். ஆனா இந்தக் கடப்பாரை கேஸ்ல எல்லாப் பேப்பர்லயும் அவன் பேரு, களத்துப் பேரு, பொண்ணு பேரு எல்லாம் வந்தாச்சே. அதுக்கு அப்புறம் மறைச்சு என்ன ஆகப்போகுது? அதனால உள்ளது உள்ளபடியே போட்டுட்டேன். அட்டையில பாருங்க, அவன் கை. கண்ணாடியைத் துடைக்கற கை. அந்தக் களப்பணி அன்னைக்கு எடுத்த படம்தான். விமர்சனம்லாம் நல்லா வந்திருக்கு.

என் சம்சாரம் மட்டும் ஒரே கேள்வியையே கேட்டுக்கிட்டு இருந்தா. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" சாப்பிடும்போது கேட்பா, டிவி பார்க்கும்போது கேட்பா. அதனாலதான் இன்னைக்கு ஜெயில்ல இருந்து திரும்பும்போது தாராபுரத்துல இறங்கினேன். விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன். ஒரு நூல் மில்லுல வேலை செய்யுது. ஹாஸ்டல் வாசல்ல நின்னு பேசினோம். உள்ள ஆம்பளைங்களை விட மாட்டாங்களாம். மெலிஞ்சுபோச்சு. தலையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. மில்லுல வேற பேருதான் சொல்லியிருக்காம். "கோமதின்னு சத்தமாக் கூப்பிடாதீங்க சார்"ன்னுச்சு.

"நர்ஸ் வேலைக்குத் திரும்பப் போகலாமேம்மா"ன்னேன்.

"சர்ட்டிபிகேட்டுல அப்பா பேரு இருக்கு சார்."

"நான் வேணா யார்கிட்டயாவது பேசிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் சார்." கொஞ்சம் அவசரமாவே சொல்லுச்சு. "நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்."

புத்தகத்தைக் குடுத்தேன். அப்பா கையைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அட்டையைத் திருப்பவே இல்லை. அப்புறம் பொருளடக்கத்தைப் பார்த்துச்சு. அஞ்சாம் அத்தியாயத்தை எடுத்துச்சு. 'முத்திரை குத்தியவர்கள்'னு அதுக்குத் தலைப்பு. என்னைக் கேட்டா புத்தகத்துலயே சிறந்த அத்தியாயம் அதுதான். பள்ளிக்கூடம், போலீஸ், பத்திரிகை, முதலாளி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு ஒருத்தரையும் விடலை. எல்லாரையும் பேர் சொல்லி, ஆதாரத்தோட எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே கடைசி வரைக்கும் படிச்சுது. வெயில். நான் குடை பிடிச்சேன். வேற எந்த வாசகரும் இப்படி என் முன்னாடி நின்னு படிச்சதில்லை.

முடிச்சுட்டு, "சார், உங்க கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா?"ன்னுச்சு.

எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. நான் வரும்போது இந்தப் பொண்ணு என்னைத் திட்டும்னுதான் நினைச்சேன், அது என்னவோ ஒரு பயம் இருந்துச்சு. பேனாவை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பொண்ணு கையை வச்சுத் தடுத்துச்சு.

"அங்க இல்ல சார். இங்க." அஞ்சாம் அத்தியாயம் முடியற இடம். பேரெல்லாம் சொல்லி முடிக்கற கடைசி வரிக்குக் கீழ கொஞ்சம் வெள்ளையா இடம் இருக்கு. அதைக் காட்டுச்சு.

"எழுதினவங்க முதல் பக்கத்துலதாம்மா போடுவாங்க"ன்னேன்.

"தெரியும் சார். நீங்க இங்க போடுங்க."

பாவம், புத்தகம் வாங்கிப் பழக்கம் இல்லாத பொண்ணு. கேட்கறதைக் குடுத்துட்டுப் போவோமேன்னு பை மேல வச்சு, அது காட்டின இடத்துலயே போட்டுக் குடுத்துட்டேன். முழுப் பேரு, பட்டம், தேதி எல்லாம்.